எழுபத்தாறு சதவீதம் பச்சை

கட்டக்காரி வீடு எது என்று கேட்டால் அந்தக் குடியிருப்பில் நடை பழகும் குழந்தைகூடக் கையை நீட்டிக் காட்டும். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டுதான். அது அலுவலக அடையாள அட்டையில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் இரும்புக் கம்பியில் ஒரு கட்டம், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறு, மொத்தம் நூறு கண். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு, மூடிப்போன ஆலையின் மைதானத்தில் ஐந்து வருஷமாக நடந்துகொண்டிருந்தாள். நாற்பது இடத்தில் கட்டத்தைக் கீழே வைப்பாள். முட்டி போட்டு உட்கார்ந்து, நூறு கண்ணில் எத்தனை பச்சை என்று எண்ணித் தாளில் எழுதுவாள். இதெல்லாம் ஒரு உத்தியோகமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த மைதானத்தைப் பற்றி வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் எழுதியதுதான்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய ஆலை அது. ஏழு வருஷத்துக்கு முன்னால் மூடினார்கள். கொட்டகைகளை இடித்து, மரத்தையும் தார்ப்பாயையும் அங்கேயே குவித்து எரித்து, சாம்பலை நிரவி, சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு நில மீட்பு அலுவலகம் என்று ஒன்று வந்தது. மண் தேறிவிட்டால் அந்த இடம் குடியிருப்புக் குழந்தைகளின் பள்ளிக்கு என்று வாக்குக் கொடுத்தது. மண் தேறியதா என்று பார்க்க ஒரு விதியும் வைத்திருந்தது. பசுமை அறுபது சதவீதத்தைத் தாண்டினால் போதும், மண்ணைத் தோண்டிச் சோதிக்க வேண்டியதில்லை. பச்சை வந்தால் மண் பிழைத்துக்கொண்டது என்று யாரோ ஒரு மகானுபாவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அவர் தன் ஆயுளில் ஒரு தடவையாவது குனிந்து தரையைப் பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இந்த வருஷக் கணக்கு எழுபத்தாறு சதவீதம். வெள்ளிக்கிழமை சாவி கைமாறுவதாக ஏற்பாடு. சான்றிதழில் கட்டக்காரியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணி மைதானத்தைப் பார்க்க வந்தாள். கட்டக்காரியின் அண்ணன் மனைவி. மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே சமையல். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறையில் முப்பத்து நாலு குழந்தைகளை வைத்துக்கொண்டு எட்டு வருஷமாகப் பாலர் பள்ளி நடத்துகிறவள் அண்ணி. ஏறி இறங்க செங்குத்தான இரும்புப் படி. போன வருஷம் அதில் உருண்ட ஒரு குழந்தைக்கு முன்பல் இரண்டு போய், தாடையில் தையல் போட்டார்கள். அன்றையிலிருந்து அண்ணி ஒவ்வொரு குழந்தையையும் தானே இடுப்பில் தூக்கி இறக்குகிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள். அப்படிப்பட்டவள் அந்த மைதானத்துக்குள் காலை வைத்ததும் கல்யாணப் பெண் மாதிரி பூரித்துப் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

முந்தின நாள் தூறல் விழுந்திருந்தது. தரை முழுவதும் பச்சைப் பசேல் என்று விரிந்து கிடந்தது. அதன் மேல் சிவப்பு நூல் நூலாகக் காம்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குட்டிக் காய் கவிழ்ந்து தொங்கியது.

"அடேங்கப்பா! இவ்ளோ அழகா இருக்கும்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையே. ஊஞ்சல் இங்க. சறுக்குமரம் அந்த மூலையில. மத்தியானம் இதுலயே படுக்க வச்சுத் தூங்கப் பண்ணலாம், பாய்கூட வேணாம்."

கட்டக்காரி சிரித்தாள். ஐந்து வருஷ உழைப்பை ஒருத்தி வாய் நிறையப் பாராட்டும்போது யாருக்குத்தான் உச்சி குளிராது?

"ஆமா, இந்தப் புல்லை எத்தனை நாளைக்கு ஒரு தடவை வெட்டணும்? மெஷின் உங்க ஆபீஸ்ல தருவாங்களா, இல்ல நாங்கதான் பார்த்துக்கணுமா?"

"வெட்டவே வேணாம் அண்ணி. இது வளராது."

"வளராத புல்லா? நல்லதாப் போச்சு, ஒரு வேலை மிச்சம்." அண்ணி ஊஞ்சலுக்கு இடம் பார்த்துக் காலால் அளந்துகொண்டே போய்விட்டாள்.

கட்டக்காரி நின்ற இடத்திலேயே நின்றாள். தான் சொன்ன பதில் தனக்கே திரும்ப வந்து காதில் விழுந்தது. வளராது. ஏழு வருஷத்தில் இந்த மைதானத்தில் யாரும் ஒரு தடவைகூட எதையும் வெட்டவில்லை. வெட்டுவதற்கு எதுவும் முளைக்கவில்லை. ஐந்து வருஷமாக முட்டி தேய எண்ணியவளுக்கு, ஒரு நாள் பார்க்க வந்தவள் கேட்ட பிறகுதான் இது உறைத்தது.

அண்ணியை அனுப்பிவிட்டு அவள் வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்தாள். கட்டத்தை வைக்கவில்லை, எண்ணவில்லை, சும்மா பார்த்தாள். ஒரு புல் இல்லை. ஒரு கோரைத் தாள் இல்லை. எந்தக் குப்பைமேட்டிலும் கூப்பிடாமல் வந்து நிற்கும் களைகூட ஒன்று இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாசி, பாசி, பாசி. எழுந்து போய்ச் சுவரின் உடைப்பு வழியாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கால்வாய்க் கரையில் புல் இடுப்பு உயரத்துக்கு நின்றது. இரண்டு முழம்தான் தூரம். விதை காற்றில் வந்து விழாமலா இருந்திருக்கும்? விழுந்தது, முளைக்கப் பார்த்தது, செத்தது. ஏழு வருஷமாக இதுதான் நடந்திருக்கிறது.

இந்தப் பாசியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாசி என்றதும் குளத்தில் வழவழவென்று மிதப்பதை நினைக்க வேண்டாம், அது வேறு இனம். இது மண்ணில் இருப்பது. நடைபாதைச் செங்கல் இடுக்கில், கூரை ஓட்டில், ரயில் தண்டவாளத்து ஓரத்தில் என்று எல்லா ஊரிலும் இருக்கிறது, நாம்தான் மிதித்துக்கொண்டு போகிறோம். இதற்கு வேர் கிடையாது. பிடித்துக்கொள்ள மட்டும் மயிரிழை போல நார்கள் உண்டு, தண்ணீரை இலையாலேயே குடித்துக்கொள்ளும். தீப்பிடித்து எரிந்த இடத்துக்கு முதல் ஆளாக வரும். ஈயம் இருக்கிற மண்ணில் வேர் விடுகிற செடிகள் திணறிச் சாகும்போது, இது அந்த ஈயத்தைத் தன் உடம்பிலேயே வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் இதற்கு ஆகாதது ஒன்று உண்டு. புல்லும் செடியும் வந்து மேலே நிழல் கவிழ்த்தால் தாங்காது, சத்தம் போடாமல் இடத்தைக் காலி செய்துவிடும். நல்ல மண்ணில் இது நாலைந்து வருஷத்து விருந்தாளி. ஏழு வருஷமாக இது மட்டுமே ராஜ்ஜியம் பண்ணுகிறது என்றால், வேறு எவரும் உள்ளே வர முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

இதெல்லாம் கட்டக்காரிக்குத் தெரியாதா? தெரியும், அக்கு வேறு ஆணி வேறாகத் தெரியும். தெரிந்தவள் செய்த தப்பு என்பதுதான் கொடுமை.

முதல் இரண்டு வருஷம் அவள் வெறும் கண்ணால் எண்ணினாள். ஒன்பது சதவீதம், பிறகு பன்னிரண்டு. மூன்றாவது வருஷம் ஒரு நாள், தண்ணீர் பாட்டில் கை தவறிக் கட்டத்துக்குள் கொட்டியது. கருகிப்போன செதில் என்று நினைத்து "வெறும் மண்" கணக்கில் எழுதிய இடம் கண் முன்னாலேயே பிரிந்து, நிமிர்ந்து, ஐந்தே நிமிஷத்தில் பச்சையானது. காய்ந்தால் முறுக்கிக்கொண்டு செத்த மாதிரி கிடப்பதும், நனைந்தால் எழுந்து உட்காருவதும் பாசியின் குணம். இவ்வளவு நாள் உயிருள்ளதை மண் என்று எழுதிவிட்டோமே என்று அவளுக்கு மனசு பொறுக்கவில்லை. மறுநாளே கைத்தெளிப்பான் ஒன்று வாங்கிக்கொண்டாள். தெளி, ஐந்து நிமிஷம் பொறு, பிறகு எண்ணு. நேர்மையாக வேலை செய்கிறவளுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை அது. கணக்கு பன்னிரண்டிலிருந்து நாற்பத்தெட்டுக்குத் தாவியது. அப்புறம் ஐம்பத்தேழு. இப்போது எழுபத்தாறு.

படிவத்தில் மூன்று பத்திகள்தான். பச்சை, வெறும் மண், கல். பாசி பச்சையில் போய் உட்கார்ந்தது. புல் எங்கே என்று படிவம் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மண் மாறவே இல்லை. மாறியது அவள் கையில் இருந்த தெளிப்பான் மட்டும்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அதிலும் அவள் வைத்தது தனக்கு இல்லை, முப்பத்து நாலு குழந்தைகளுக்கு.

புழுதி படிந்த உடுப்போடு அப்படியே மேலாளர் அறைக்குப் போனாள். மேலாளர் கெட்டவர் இல்லை. மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் செடி வைத்துக்கொண்டு அதன் இலையைத் தினமும் துணியால் துடைக்கிறவர். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பாராட்டுக் கடிதம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. கட்டக்காரியின் "நனைத்து எண்ணும் முறை"க்கு மேலிடத்திலிருந்து வந்த கடிதம் அது.

"சார், கணக்கு தப்பு. அங்க இருக்கறது பூரா பாசி. ஒரு புல்லுகூட இல்ல. மண்ணைத் தோண்டிச் சோதிக்கணும்."

"பாசி பச்சைதானேம்மா?"

"பச்சைதான் சார்."

"அப்புறம் என்ன? படிவத்துல பச்சைன்னுதானே போட்டிருக்கு."

"புல் வந்தா பாசி போயிடும் சார். பாசி போகலைன்னா புல் வர முடியல. புல்லே வர முடியாத மண்ணுல பிள்ளைங்களை உக்கார வைக்கப் போறோம். மூணு வயசுப் பிள்ளைங்க கையை வாயில வைக்கும் சார்."

மேலாளர் இலை துடைக்கிற துணியை மடித்து வைத்தார். "சரி, பாசிதான் பிரச்சினைன்னா அதைச் சுரண்டி எடுத்துட்டு நல்ல மண்ணு ரெண்டு லோடு கொட்டிடலாமா?"

"ஐயோ, அதை மட்டும் பண்ணிடாதீங்க. அந்தச் சாம்பல் பறந்து வீட்டுக்குள்ள வராம இத்தனை வருஷமா பிடிச்சு வச்சிருக்கறதே அதுதான். அது மேல எந்தத் தப்பும் இல்ல. அது உள்ளதைத்தான் சொல்லிச்சு. நான்தான் மாத்திப் படிச்சேன்."

"பாருங்கம்மா," என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார் மேலாளர். "இப்ப தோண்டினா ரெண்டு வருஷம் இழுக்கும். அஞ்சு வருஷமா தப்பா அளந்தோம்னு நம்ம ரெண்டு பேர் தலையும் உருளும். வெள்ளிக்கிழமை நீங்க கையெழுத்துப் போடலைன்னா, சனிக்கிழமைலேர்ந்து இங்க உங்களுக்கு வேலை இருக்காது. நான் மிரட்டல. நடக்கப் போறதைச் சொல்றேன்."

"என் தலை உருளட்டும் சார்," என்றாள் கட்டக்காரி. "அது வளந்த தலை."

வாய் என்னவோ வீராப்பாகப் பேசிவிட்டது. வெளியே வந்து படியில் இறங்கும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாற்பத்தொரு வயதில், கட்டம் வைத்து எண்ணுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவளுக்கு யார் வேலை தருவார்கள்? அதை நினைத்தாள், பயந்தாள். பயந்துகொண்டேதான் வீட்டுக்கும் போனாள், ஏனென்றால் மேலாளரைவிடப் பெரிய ஆள் ஒருத்தி அங்கே காத்திருந்தாள்.

அண்ணி குழந்தைகளின் பெயர் எழுதிய அட்டைகளைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள், புதுப் பள்ளியின் சுவரில் ஒட்டுவதற்கு. கட்டக்காரி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒரு பிடி பிடித்தாள்.

"நீயே எழுதின. நீயே நல்லாருக்குன்னு சொன்ன. இன்னிக்குக் காலைலகூடப் பல்லைக் காட்டிட்டு நின்ன. சாயங்காலம் வந்து எல்லாம் பொய்ங்கறியா?"

"பொய் இல்ல அண்ணி, தப்பு. எனக்கு இன்னிக்குத்தான் உறைச்சுது."

"உனக்கு உறைக்கறதுக்கு என் எட்டு வருஷம்தானா கிடைச்சுது? அந்தப் படியில ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்கறேன்னு தெரியுமா? இன்னொரு பிள்ளை உருண்டா நீ வந்து பதில் சொல்லுவியா?"

"படியில விழுந்தா தெரியும் அண்ணி, தூக்கிட்டு ஓடுவோம். இது விழற சத்தமே கேக்காது."

"பேச்சைப் பாரு பேச்சை!"

கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான். அந்த ஆலையில் ஈயம் உருக்கும் உலையில் பத்தொன்பது வருஷம் நின்றவன் அவன். "ஏன் ரெண்டு பேரும் கத்தறீங்க? நாங்க அங்கேயே சோறு தின்னோம், அங்கேயே படுத்தோம். எங்களுக்கு என்ன ஆயிடுச்சு இப்ப?"

அவன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு கையால் பிடித்தால் மணிக்கட்டு தொய்ந்து விழும். சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுவாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள், ஒருவரும் பேச மாட்டார்கள். "நரம்புத் தளர்ச்சி" என்று ஒரு பெயர் வைத்து மூடி வைத்திருந்தார்கள்.

"உன் கையைப் பாருண்ணா," என்றாள் கட்டக்காரி.

சொல்லியிருக்கக் கூடாதுதான். சொல்லாமல் இருந்திருக்கவும் கூடாது. அண்ணன் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, கைகளை இரண்டு தொடைகளுக்கும் நடுவில் ஒளித்துக்கொண்டான். அண்ணியின் முகம் கறுத்துப் போனது. தரையில் கிடந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினாள்.

"இன்னிலேர்ந்து என்கூடப் பேசாதே," என்றாள்.

பேசவில்லை. புதன்கிழமை தட்டு வந்தது, பேச்சு வரவில்லை. வியாழக்கிழமையும் அப்படித்தான். ஒரே அடுப்படியில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளாமல் சுற்றி வந்தது பார்க்கச் சிரிப்பாகக்கூட இருந்திருக்கும், பார்க்கிறவர்கள் யாராவது இருந்திருந்தால்.

வெள்ளிக்கிழமை காலை மைதானம் ஜொலித்தது. விடிந்ததிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் பீய்ச்சியிருந்தார்கள். மேலாளர் பாசியைப் பற்றி இரண்டே நாளில் நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டார். வாசலில் சாமியானா, நாற்காலிகள். குடியிருப்பின் அப்பா அம்மாக்கள் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். அண்ணி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வரவில்லை.

மேலிடத்திலிருந்து வந்த ஆய்வு அதிகாரி வயதான அம்மாள். மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அதிகம் பேசாதவர். சான்றிதழைப் படித்துவிட்டுத் தலையைத் தூக்கினார். "அளந்தவங்க கையெழுத்து இல்லையே. யாரு அளந்தது?"

மேலாளர் பேச வாயெடுப்பதற்குள் கட்டக்காரி கட்டத்தோடு முன்னால் வந்துவிட்டாள்.

"நான்தான் மேடம். அளந்தது தப்பு."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அவள் நிறுத்தவில்லை. நின்றால் திரும்பத் தைரியம் வராது என்று அவளுக்குத் தெரியும். தெளிப்பானைப் பற்றிச் சொன்னாள், படிவத்தின் மூன்று பத்திகளைப் பற்றிச் சொன்னாள், பாசியின் குணத்தைச் சொன்னாள். "இங்க ஒரு புல்லுகூட இல்ல மேடம். எழுபத்தாறும் பாசி. புல் சுழி. அந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் போட மாட்டேன். ஏற்கெனவே மூணு வருஷம் அளவைத் தாள்ல போட்ட கையெழுத்தையும் அடிக்கணும்னு எழுதிக் குடுக்கறேன்."

கூட்டம் கொதித்துவிட்டது. அதிகாரி மேல் இல்லை, மேலாளர் மேல் இல்லை, அவள் மேல். "எங்க பிள்ளைங்களுக்கு ஒரு நல்லது நடந்தா உனக்குப் பொறுக்காதா?" என்றார் ஒருவர். "உனக்குப் பிள்ளையா குட்டியா, நீ பேசுவ," என்றாள் இன்னொருத்தி. அது சுருக்கென்று தைத்தது. கட்டக்காரி கட்டத்தின் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நிற்பது ஒன்றுதான் அப்போது அவளால் செய்ய முடிந்தது, அதைச் செய்தாள்.

அண்ணி எழுந்தாள். பேசுவதில்லை என்று சபதம் போட்டவள் அல்லவா, அதனால் அதிகாரியைப் பார்த்துப் பேசினாள்.

"இவ்ளோ பெரிய இடத்துல ஒரு புல்லுகூட இல்லையாம். அதையும் நம்பணுமாம். இருங்க மேடம், நான் காட்டறேன்."

விறுவிறுவென்று மைதானத்துக்குள் போய் முட்டி போட்டாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் பத்துப் பேர், அப்புறம் எல்லோரும். நல்ல உடுப்போடு, ஈரத்தில், முப்பது நாற்பது பேர் கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்துகொண்டு ஒரு புல்லைத் தேடினார்கள். கட்டக்காரியின் மூக்கை உடைக்க ஒரே ஒரு புல் போதும். பச்சையை விரலால் விலக்கினார்கள், பிரித்தார்கள், மோந்துகூடப் பார்த்தார்கள். "இருக்கும், இருக்கும், அந்த ஓரத்துல பாருங்க," என்று ஒருவருக்கொருவர் குரல் கொடுத்தார்கள். கட்டக்காரி ஒரு தடவை "வேணாம், கையை வைக்காதீங்க," என்று கத்தினாள். யார் கேட்டார்கள்?

ஒருவர் ஓடி வந்தார், இரண்டு விரலுக்கு நடுவில் எதையோ உயர்த்திப் பிடித்துக்கொண்டு. "இதோ! இது என்ன? புல் இல்லாம இது என்ன?"

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சிவப்புக் காம்பு, தலை கவிழ்ந்த காய். "நீங்க சொல்லுங்க," என்று கட்டக்காரியிடம் நீட்டினார்.

"பாசியோட காய் மேடம். காம்பு ஈரத்துல ஒரு பக்கம் முறுக்கும், காஞ்சா மறுபக்கம் முறுக்கும். உள்ள தூள் இருக்கும், அதுதான் இதுக்கு விதை மாதிரி." காயை நகத்தால் அழுத்தினாள். மூக்குப்பொடி அளவு தூள் அவள் உள்ளங்கையில் விழுந்தது. ஓடி வந்தவர் திரும்பி நடந்தார்.

அரைமணி நேரம் ஆகியிருக்கும். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. நடுமைதானத்தில் அண்ணி ஒரு கைப்பிடிப் பாசியைப் பெயர்த்தாள். அது வேரில்லாத சமாச்சாரம், அப்படியே அடையாகக் கையோடு வந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் மண். ஒரு புழு இல்லை, ஒரு எறும்பு இல்லை. விரலை விட்டுக் கிளறினாள். வேர்த்துண்டு ஒன்றாவது அகப்படுமா என்று முழங்கை வரை மண்ணாகும்படி கிளறினாள். பிறகு கிளறுவதை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஓர் அம்மா, சாமியானா நிழலில் அழுத தன் பிள்ளையைத் தூக்க எழுந்து போனாள்.

"கையைக் கழுவாம பிள்ளையைத் தொடாதே!"

கட்டக்காரி போட்ட சத்தத்தில் மைதானமே அதிர்ந்தது. அந்தப் பெண் அப்படியே நின்றாள். தன் கையைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அழுதது. தூக்க முடியவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து, கைகளை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதுவரை யார் சொல்லியும் நம்பாதவர்கள், தங்கள் கையையே தங்கள் பிள்ளையின் மேல் வைக்கப் பயந்து நின்றார்கள். வாளியில் தண்ணீர் வந்தது, சோப்பு வந்தது.

அதிகாரி ஒரு வெற்று அளவைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். "புதுசா எழுதுங்க. உள்ளபடி எழுதுங்க. ஆனா ஒண்ணு, அளந்தவங்களே தன் கணக்கை மாத்தறதுன்னா அவங்க கையெழுத்து மட்டும் செல்லாது. இடத்தை வாங்கிக்கறவங்க தரப்புல ஒருத்தர் சாட்சி போடணும். அப்பதான் மண்ணைத் தோண்ட நான் உத்தரவு போட முடியும். போட்டா பள்ளிக்கூடம் இப்போதைக்கு இல்ல. ரெண்டு வருஷமோ, அதுக்கு மேலயோ. இங்கயான்னும் சொல்ல முடியாது. யோசிச்சுப் போடுங்க."

மேலாளர் சாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

கட்டக்காரி உட்கார்ந்து எழுதினாள். அச்சடித்த மூன்று பத்திகளுக்குப் பக்கத்தில் கையாலேயே கோடு இழுத்து இன்னும் இரண்டு பத்தி சேர்த்தாள். பாசி, எழுபத்தாறு. புல், சுழி. கீழே கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்ற இடம் வெறுமையாக இருந்தது. அவள் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தாள். பார்த்தவர்கள் எல்லாம் வேறு பக்கம் திரும்பினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. உண்மை என்று தெரிந்துகொள்வது ஒன்று, அதன் கீழே பெயரை எழுதி, பிள்ளைக்கு வரவிருந்த பள்ளிக்கூடத்தைத் தன் கையாலேயே தள்ளிவிடுவது இன்னொன்று.

"யாரும் இல்லையா?" என்றார் அதிகாரி.

ஈரக் கையை உதறிக்கொண்டே அண்ணி மேசைக்கு வந்தாள். முட்டி இரண்டிலும் சாம்பல் அப்பியிருந்தது. தாளைக் குனிந்து முழுசாகப் படித்தாள். சுழி என்று எழுதியிருந்த இடத்தில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கட்டக்காரியின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டினாள்.

"உன்கூட நான் பேசறதா இல்ல," என்றாள். "பேனாவைக் குடு."